வஞ்சியின் கதவு

ஒரு சண்டைகூட முழுசாகத் தீராத இணைய மன்றம் ஒன்று இருந்தது, அதன் இயந்திரம் கோவில்பட்டியில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டருக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது, அதை நடத்திக்கொண்டிருந்த பாவி நான்தான். அலைவரிசை மன்றம் என்று பேர். புதிதாக வந்த போன் சூடாகிறதா என்று டொரண்டோவிலிருந்து ஒருத்தர் கேட்பார், ஆகிறது என்று பினாங்கிலிருந்து ஒருத்தர் சொல்வார், உனக்கு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று மன்னார்குடியிலிருந்து ஒருத்தர் பாய்வார், அதற்குள் எந்த இயங்குதளம் உசத்தி என்று இன்னொரு மூலையில் புகைய ஆரம்பித்திருக்கும், மென்பொருளை இலவசமாக எழுதிக் கொடுக்கிறவன் தியாகியா பிழைக்கத் தெரியாதவனா என்று மூன்றாவது மூலை பற்றிக்கொள்ளும், நான் சோற்றுக் கையோடு வந்து நாலு பேரை அடக்கிவிட்டுப் போவேன். மன்றத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. கடைசியாகச் சொன்ன கருத்தை ஒரு வாரம் யாரும் மறுக்காவிட்டால் இயந்திரமே அந்த விவாத இழையைப் பூட்டி, மேலே பச்சை எழுத்தில் 'தீர்ந்தது' என்று போட்டுவிடும். பச்சை எழுத்தை நாங்கள் பார்ப்பது அபூர்வம்.

மன்றத்தின் இரண்டு தூண்கள் அய்யலுசாமியும் ஜெயசீலியும். அய்யலுசாமி எங்கள் ஊர்க்காரர், ஒரு கல்லூரியில் கணினி ஆய்வகம் பார்க்கிறவர், பேச ஆரம்பித்தால் எதிரே இருந்தவர் எழுந்து போனதுகூட அவருக்குத் தெரியாது. ஜெயசீலி தூத்துக்குடி, கப்பல் ஏஜென்ட் அலுவலகம் ஒன்றில் மென்பொருள் வேலை, பத்து வரியில் சொல்ல வேண்டியதை ஒரே வரியில் சொல்லி ஆளை உட்கார வைத்துவிடுவார். இருவரும் நேரில் பார்த்தது கிடையாது, போனில் பேசியதும் கிடையாது. ஒரு காலத்தில் இருவரும் சேர்ந்து பிழைதிருத்தி மென்பொருள் ஒன்று எழுதினார்கள். தப்பைக் கண்டால் மென்பொருள் தானே திருத்திவிட வேண்டும் என்றார் அய்யலுசாமி, அடிக்கோடு போட்டுக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும், திருத்துவதும் விடுவதும் எழுதுகிறவர் இஷ்டம் என்றார் ஜெயசீலி, அந்த ஒரு விஷயத்தில் மென்பொருள் இரண்டாகப் பிரிந்தது, இரண்டையும் சீந்த ஆளில்லாமல் போனது. அதற்கப்புறம் அவர் கிழக்கு என்றால் இவர் மேற்கு.

இந்த இரண்டு பேரையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தது 'சனிக்கோள் சாலை'. ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைக்காட்சியில் வந்து பாதியிலேயே நின்றுபோன தொடர் அது. வஞ்சி என்கிற விண்கப்பல் துறை துறையாகப் போய் நிற்கும், அமாவாசை உச்சிவேளை வந்துவிட்டால் எந்தத் துறையிலும் யாருக்காகவும் காத்திராமல் கிளம்பிவிடும் என்று ஒவ்வொரு வாரமும் ஆரம்பத்தில் ஒரு கனத்த குரல் சொல்லும். எல்லோரும் மறந்துபோன அந்தத் தொடரை நாங்கள் மட்டும் விடவில்லை, வஞ்சியின் வால் எப்படி, வயிறு எப்படி, உள்ளே விளக்கு எந்த நிறம், தகடு எதனால் ஆனது என்று வருஷக்கணக்காக அடித்துக்கொண்டோம். ஒவ்வொன்றாக எப்படியோ பச்சை விழுந்துகொண்டே வந்தது. கடைசியாக வாலின் வளைவு பற்றிய இழைக்குப் பச்சை விழுந்த மறுநாள் காலை, கோவில்பட்டிப் பழைய காய்கறிச் சந்தைக்கு மேலே, ராணி லாட்ஜ் மொட்டை மாடியை உரசுகிற உயரத்தில், வஞ்சி வந்து நின்றது.

சந்தைக்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், பார்த்துவிட்டு முதல் வேலையாகக் கீரைக் கட்டுகளை அதன் நிழலுக்கு மாற்றினார்கள். வெயிலில் கிடந்து பழகிய ஊருக்கு நிழல் எங்கிருந்து வந்தால் என்ன? உச்சிவெயிலில்கூடத் தக்காளி வாடாமல் இருந்தது, மேற்கு வரிசைக்காரர்கள் கிழக்கு வரிசைக்காரர்களோடு நிழலுக்குச் சண்டை போட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொண்டார்கள். ஆட்டோ நிறுத்தத்தில் 'கப்பலடி' என்று பலகை எழுதி மாட்டினார்கள், பேருந்து நடத்துநர்கள் கப்பலடி எறங்கு கப்பலடி எறங்கு என்று கூவப் பழகினார்கள், கடலைமிட்டாய்க் கடைக்காரர் ஒருத்தர் வால் வைத்த அச்சு செய்து வாங்கிவந்தார். திருஷ்டிக்கு ஒரு எலுமிச்சையும் நாலு மிளகாயும் கோத்து லாட்ஜ் முதலாளி அதன் மூக்கில் கட்டிவிட்டார், ஊர்க் கண்ணு கப்பல் மேல் பட்டுவிடக் கூடாது என்றா கப்பல் கண்ணு லாட்ஜ் மேல் பட்டுவிடக் கூடாது என்றா என்று அவர் சொல்லவில்லை. வத்தல் காயப்போட வெயில் இல்லை என்று இரண்டு தெருப் பெண்கள் மனு எழுதிக்கொண்டு போனார்கள், மனுவை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் திரும்பி வந்தார்கள். படம் பிடிக்க வந்த செய்திக்காரர்கள் ஒரு வாரம் ஊரை அமளிப்படுத்திவிட்டு, வேறு எங்கோ ஒரு நடிகர் கட்சி தொடங்கியதும் கிளம்பிப் போனார்கள்.

மன்றத்தில் மட்டும் யாருக்கும் திருப்தி இல்லை. இது வஞ்சியே இல்லை, வஞ்சியின் வயிறு இவ்வளவு பருமன் கிடையாது என்று மன்னார்குடிக்காரர் எழுதினார். நாம்தான் பச்சை போட்டோம் என்று நினைவுபடுத்தியதும் அடங்கினார். அப்போதுதான் எங்களுக்கே விளங்கியது: நாங்கள் மனம் ஒத்து முடிவு செய்ததெல்லாம் கப்பலில் கெட்டியாக இருந்தது, முடிவு செய்யாதது எதுவும் இல்லை. எல்லோரும் ஒப்புக்கொண்ட காற்றுத் துவாரம் அடிவயிற்றில் தெளிவாக இருந்தது, ஒரு தூக்குச்சட்டி நுழைகிற அகலம். தகட்டை எதுவும் துளைக்காது என்பதிலும் எங்களுக்குள் ஒற்றுமை, அதனால் ஊர் வெல்டர்கள் ஆசைப்பட்டு ஏறி, பொறி பறக்கவிட்டு, முனை மழுங்கி இறங்கினார்கள். கதவு மட்டும் இல்லை.

ஏனென்றால் கதவு விஷயத்தில் அய்யலுசாமிக்கும் ஜெயசீலிக்கும் ஆகாது. தொடரில் கதவை ஒருதரம்கூடக் காட்டவில்லை, கேப்டன் உள்ளே நிற்பாள், அடுத்த காட்சியில் வெளியே நிற்பாள், அவ்வளவுதான். சனிக்கோளின் வளையத்துக்கு வலப்பக்கத்தைக் காட்டித்தான் வஞ்சி நிற்கும், வெளியே வந்ததும் அவளுக்கு நேர் எதிரே வளையம் தெரிகிறது, ஆகவே கதவு வலப்பக்கம் என்று அய்யலுசாமி பக்கம் பக்கமாக எழுதுவார். பாய்மரக் காலத்திலிருந்து விமானம்வரை ஆள் ஏறி இறங்குவது இடப்பக்கம் என்று ஜெயசீலி ஒரே வரி எழுதுவார். மற்றவர்களுக்கு யார் ஜெயித்தாலும் சரிதான், உறுதியான கருத்து இந்த இரண்டு பேருக்குத்தான் இருந்தது. கப்பலின் இரு பக்கமும் ஓர் ஆள் உயரத்துக்குக் கானல் நெளிந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயம் பார்த்து ஜெயசீலியின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. பந்தியும் பலகாரமும் சம்பந்தி வீட்டுக் கோபமுமாக ஒரு வாரம் அவர் மன்றத்தை, வஞ்சியை, கதவை, எல்லாவற்றையும் அடியோடு மறந்துபோனார். கதவைப் பற்றி உலகத்தில் நினைத்துக்கொண்டிருந்தவர் அய்யலுசாமி ஒருத்தர்தான். இழைக்குப் பச்சை விழுந்தது, கப்பலின் வலப்பக்கத்தில் கானல் இறுகிக் கதவானது, நான் பார்க்கப் பார்க்க அய்யலுசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாட்ஜ் மொட்டை மாடியிலிருந்து உள்ளே போனார். "ரெண்டு நிமிசம் அட்மின் சார், உள்ள விளக்கு நெறத்த மட்டும் பாத்துட்டு வந்துர்றேன்" என்றார். தூத்துக்குடியில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் வழியனுப்பிவிட்டு ஜெயசீலி கணினியைத் திறந்தார், பச்சை எழுத்தைப் பார்த்தார், அவருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அவர் மறுப்பு எழுதக்கூட இல்லை, அதற்குள் கதவு காணாமல் போய்விட்டது.

அய்யலுசாமி உள்ளே மாட்டிக்கொண்டார், சந்தையே கூடிக் கூப்பாடு போட்டது. பிறகு இதற்கும் பழகிக்கொண்டது. அய்யலுசாமியின் மனைவி சீத்தாலட்சுமி வேளா வேளைக்கு வந்து தூக்குச்சட்டியைக் கயிற்றில் கட்டித் துவாரம் வழியே அனுப்புவார், காலிச் சட்டி இறங்கி வரும், குழம்பில் இன்று உப்புக் கம்மி என்று மேலேயிருந்து குரலும் வரும். போனும் அங்கே நன்றாகவே எடுத்தது. உள்ளே இருந்தபடியே அவர் மன்றத்தில் எழுதிக்கொண்டிருந்தார், முன்னைக்கு இப்போது அதிகமாகவே எழுதினார். அய்யலுசாமிக்கு ஒரு செம்பு மோர் என்று தயிர்க்காரம்மா அனுப்பினாள், செய்தித்தாளைச் சுருட்டிக் கட்டி ஒருத்தர் அனுப்பினார், ஒரு ஜோசியர் கீழே நின்று அவருக்கு ஜாதகம் பார்த்து, வெளிநாட்டு யோகம் இருக்கிறது என்று சொன்னார். அதைக் கேட்டதும் நாங்கள் நாள்காட்டியைப் புரட்டினோம், அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது.

வஞ்சி அமாவாசை உச்சிவேளைக்குக் கிளம்பிவிடும் என்பதில் மன்றத்தில் என்றைக்கும் சண்டை வந்ததில்லை. அந்தக் கனத்த குரல் எல்லோர் காதிலும் இருந்தது. கிளம்பாது என்று எல்லோரும் சேர்ந்து எழுதினால் என்ன என்று பினாங்குக்காரர் கேட்டார், எழுதினோம், மனசுக்குள் யாரும் நம்பவில்லை, கப்பலின் வால் கதகதவென்று சூடாகிக்கொண்டே வந்தது. கதவு வலப்பக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன், அவரை இறக்கிவிடுங்கள் என்று ஜெயசீலி எழுதினார். கதவு வரவில்லை. மறுபடி எழுதினார், பெரிய எழுத்தில் எழுதினார், வரவில்லை. அப்போதுதான் என்னை முதல்முறையாகப் போனில் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, நானும் பொய்யா ஒத்துக்கிட்டுப் பாத்துட்டேன். மறந்து தொலைப்போம்னு பாத்தேன், மறக்கணும் மறக்கணும்னு நெனைக்க நெனைக்க அந்தக் கதவுதான் கண்ணு முன்னால வருது. எடப்பக்கத்துல."

"அழாதீங்கம்மா."

"அழாம? அந்த மனுசன் போயிட்டா நான் யாருகிட்ட இல்லன்னு சொல்லுவேன்? வீட்ல எல்லாரும் நான் சொல்றதுக்குச் சரின்னு தலையாட்டுறாங்க. அவரு ஒருத்தருதான் நான் சொல்றத முழுசாப் படிச்சுட்டுச் சண்டைக்கு வருவாரு."

அமாவாசையன்று காலை ஜெயசீலி பேருந்தில் கப்பலடி வந்து இறங்கினார், நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம், கையில் தூத்துக்குடி மக்ரூன் இனிப்பு டப்பா. சீத்தாலட்சுமி தூக்குச்சட்டியோடு லாட்ஜ் படியில் நின்றிருந்தார். நான் இருவரையும் அறிமுகப்படுத்தினேன், அதைவிடக் கஷ்டமான வேலையை நான் மன்றத்தில்கூடச் செய்ததில்லை.

"நீங்கதானா அது?" என்றார் சீத்தாலட்சுமி. "இத்தன வருசத்துல எங்கிட்டப் பேசுனத விட உங்ககிட்டத்தான் அதிகமாப் பேசியிருக்காரு."

"எங்கிட்டப் பேசலம்மா. சண்டதான் போட்டாரு."

"எங்கிட்ட அதுகூடப் போட மாட்டாரே. கேட்டதுக்கு ம்ம்னு சொல்லுவாரு, செல்போன எடுத்துக்கிடுவாரு." அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கேயோ தொலையட்டும்னு எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன். அதுக்காகச் சனிக்கோளுக்கா?"

ஜெயசீலி தூக்குச்சட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் படியேறினார். மொட்டை மாடியில் நாங்கள் மூன்று பேர், தலைக்கு மேலே வஞ்சி, கீழே சந்தை முழுக்க ஜனம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கப்பல் மெல்ல முனக ஆரம்பித்தது, அதன் மூக்கில் கட்டியிருந்த எலுமிச்சை ஆடியது. சந்தைக்காரர்கள் யாரும் சொல்லாமலே கூடைகளை நிழலிலிருந்து வெளியே நகர்த்தினார்கள்.

ஜெயசீலி துவாரத்துக்குக் கீழே போய் நின்று அண்ணாந்தார். "சார்" என்று ஆரம்பித்தார்.

"மேடமா? நேர்லயே வந்துட்டீங்களா?" மேலேயிருந்து அய்யலுசாமியின் குரல் பதறிக்கொண்டு வந்தது. "இருங்க இருங்க, நீங்க ஒண்ணும் சொல்றதுக்கு முந்தி நான் சொல்லிர்றேன். நீங்க சொன்னதுதான் சரி. எடப்பக்கம்தான் கதவு."

"என்னது?"

"இங்க எடப்பக்கச் சுவரோரமா வரிசையாச் செருப்புக் கெடக்கு மேடம். தொடர்ல வாராவாரம் காட்டுவாங்கள்ல, நாமகூட மூச்சு விடாம பச்சப் போட்டோமே, அதே வரிசை. இத்தன நாளா இதுக்குப் பக்கத்துலதான் படுத்துக் கெடக்கேன், இன்னைக்குக் காலையிலதான் உறைச்சுச்சு. வாசல்ல கழத்தாம யாரு செருப்ப அந்தக் கோடியில கொண்டு போடுவா? நெசமாவே சொல்றேன், ஒப்புக்குச் சொல்லல."

ஜெயசீலி தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ, நான் வலப்பக்கம்னு சொல்லத்தான சார் பஸ் ஏறி வந்தேன்! நேத்து தொடர் மொத்தத்தையும் மறுபடி பாத்தேன், பதில் எழுதணும்னு பாக்காம, சும்மா பாத்தேன். கேப்டன் வெளிய வந்ததும் வளையம் நேர் எதுக்க நிக்கி. நீங்க எத்தன வருசமாச் சொல்லிட்டிருந்தீங்க. வலப்பக்கம்தான் சார், சத்தியமா."

கப்பலின் இரு பக்கமும் கானல் அப்படியே நெளிந்தது. "மாத்திக்கிட்டாங்கடே!" என்று கீழே ஒருத்தன் கத்தினான், சந்தை முழுவதும் ஒரே குரலில் அடப்பாவிகளா என்றது. சீத்தாலட்சுமி சிரித்தாரா அழுதாரா என்று சொல்ல முடியாது, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். வஞ்சியின் முனகல் உரத்தது, மாடியின் கைப்பிடிச் சுவர் அதிர்ந்தது, என் சட்டைப்பையில் போன் ஓயாமல் துடித்தது, டொரண்டோவிலிருந்தும் பினாங்கிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் என்ன ஆச்சு என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"நேத்து வரைக்கும் வலதுன்னு தலையில அடிச்சுச் சொல்லியிருப்பேன் மேடம்" என்றார் அய்யலுசாமி. குரல் இறங்கிவிட்டது. "இன்னைக்கு எடதுன்னு அதே மாதிரிச் சொல்றேன். நீங்களும் அப்படித்தான். நாளைக்கு எப்படியோ."

"நாளைக்கு நீங்க இங்க இருக்க மாட்டீங்க சார்."

பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத மனுஷர் பேசாமல் இருந்தது எனக்கு என்னவோ செய்தது. அவர் வீட்டுக்காரிக்கு அதைவிட அதிகம் செய்திருக்க வேண்டும், "என்னங்க" என்று ஒரே ஒரு தரம் கூப்பிட்டார்.

"தெரியல சீத்தா" என்றது மேலேயிருந்த குரல். "மேடம், எனக்கு நெசமாவே தெரியாது. இந்தக் கதவ நான் பாத்ததே இல்ல. வலதும் தெரியாது, எடதும் தெரியாது. பயமா இருக்கு."

அலைவரிசை மன்றத்தில் தெரியாது என்ற சொல்லை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஜெயசீலி அண்ணாந்தபடியே நின்றார், ஒரு வரி மனுஷி, அந்த ஒரு வரிக்குத் தவித்தார். "எனக்கும் தெரியாது சார்" என்றார்.

நான் போனை எடுத்து மன்றத்தில் அதைப் போட்டேன். தெரியாது என்று டொரண்டோவிலிருந்து வந்தது. தெரியாது என்று பினாங்கிலிருந்து வந்தது. மன்னார்குடிக்காரர் எனக்குத் தெரியும் என்று எழுதி, உடனே அழித்துவிட்டு, தெரியாது என்று எழுதினார். மேலே அய்யலுசாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாராம். அவர் சாய்ந்த இடம் திறந்துகொண்டது. எங்கே என்று யாருக்கும் தெரியாத கதவு, கை வைத்த இடத்தில் எல்லாம் இருந்தது.

தாடியும் கசங்கிய வேட்டியுமாக அவர் வாசலில் நின்றார். மாடிக்கும் அதற்கும் ஒரு எட்டுத்தான். ஒரு காலை எடுத்து மாடியில் வைத்தவர், எதிரே நின்ற ஜெயசீலியைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்கதானா மேடம்? ஆனாலும் அந்தச் செருப்பு விசயம் ஒண்ண யோசிச்சுப் பாருங்க..."

"அதெப்படி சார், வளையம் அவ்வளவு தெளிவாத் தெரியும்போது..."

அவருடைய ஒரு கால் உள்ளே இருந்தது. வாசலின் ஓரம் நெளியத் தொடங்கியதை நான் பார்த்தேன், கத்த வாயெடுத்தேன். சீத்தாலட்சுமி இரண்டு கையாலும் புருஷன் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார், இரண்டு பேரும் மாடித் தரையில் விழுந்தார்கள், அவர் குதிகாலை உரசிக்கொண்டு தகடு மூடியது, உச்சிவேளை ஆனது, வஞ்சி சந்தை மேலிருந்து எழும்பிப் போனது. வெயில் சடாரென்று இறங்கியது. கீழே ஜனம் கண்ணை இடுக்கிக்கொண்டு அண்ணாந்து நின்றது. ஜெயசீலி மக்ரூன் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார்.

சீத்தாலட்சுமி எழுந்தார், புருஷனையும் எழுப்பினார், வேட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டார், பிடித்த மணிக்கட்டை மட்டும் விடவில்லை. படியிறங்கி, கூட்டத்தின் நடுவே, கொளுத்துகிற வெயிலில், கீரைக்காரர்களும் ஆட்டோக்காரர்களும் வழிவிட, மாதாங்கோவில் தெருத் திருப்பம்வரைக்கும் அவரை அப்படியே இழுத்துக்கொண்டு போனார். திருப்பத்தில் மறைவதற்கு முன் சீத்தாலட்சுமி ஏதோ கேட்டதும் அய்யலுசாமி நின்று, போனை எடுக்காமல், அந்த அம்மாளின் முகத்தையே பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததும் மாடியிலிருந்து எங்களுக்குத் தெரிந்தது. அந்த அம்மாள் என்ன கேட்டார், அவர் என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள். தெரியாது.